பழைய கார் ஏன் நின்றது?

சேலம் நகரில் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியின் தெருக்களில் நடந்து சென்றால், சில வீட்டு முற்றங்களில் துணி போர்த்திய பழைய கார் ஒன்று நிற்பதைக் காணலாம். பெரும்பாலும் அது அம்பாசிடராக இருக்கும். மேற்கு வங்கத்தில் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 வரை செய்த கார் இது. சில வீடுகளில் பம்பாய் குர்லாவில் பிறந்த பிரீமியர் பத்மினி இருக்கலாம். சென்னைக்கு அருகே வண்டலூரில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு இன்று மிக அரிது.

இன்றைய காரில் கோளாறு ஏற்பட்டால் மெக்கானிக் ஒரு கருவியைச் செருகுகிறார். காரில் உள்ள கணினி கோளாற்றின் எண்ணைச் சொல்கிறது. பழைய காரில் கணினி கிடையாது. அது சத்தத்தாலும் மணத்தாலும் நிறத்தாலும்தான் பேசும். அந்தப் பேச்சைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை; உங்கள் பள்ளி இயற்பியல் புத்தகமே பெரும்பாலும் போதும். எப்படி என்று பார்ப்போம்.

ஜெர்மனியைச் சேர்ந்த நிக்கோலஸ் ஆட்டோ 1876-ஆம் ஆண்டில் செய்துகாட்டிய நான்கு வீச்சு என்ஜின்தான் பெட்ரோல் கார்களுக்கு மூதாதை. பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையை சிலிண்டர் உறிஞ்சுகிறது. பிஸ்டன் அதை அழுத்துகிறது. தீப்பொறி அதை எரிக்கிறது. எரிந்த வாயு வெளியேறுகிறது. ஆகவே என்ஜின் ஓட மூன்று தேவைகள் உள்ளன: சரியான அளவில் கலவை, போதிய அழுத்தம், சரியான நேரத்தில் தீப்பொறி. இம்மூன்றும் இருந்தால் என்ஜின் ஓடியே தீரவேண்டும். ஓடவில்லையென்றால் மூன்றில் ஒன்று இல்லை. எது இல்லை என்பதைக் கண்டுபிடிக்காமல் பாகங்களை மாற்றிக்கொண்டே போவது பணத்துக்குக் கேடு.

முதலில் எளிய கோளாறு ஒன்று. சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் ‘டக்’ என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடுகிறது. உடனே விளக்கைப் போட்டுப் பார்க்கிறோம். விளக்கு பளிச்சென்று எரிகிறது. “பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது, செல்ஃப் மோட்டார்தான் கெட்டுவிட்டது” என்று முடிவு கட்டுகிறோம். இது சரியா?

ஓம் விதியைக் கொண்டு கணக்கிடுவோம். பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்த உப்பு காரணமாக 0.05 ஓம் மின்தடை ஏற்பட்டிருப்பதாகக் கொள்வோம். முன்விளக்குகள் இரண்டும் சேர்ந்து 7 அல்லது 8 ஆம்பியர் மின்னோட்டம் எடுக்கும். அந்த மின்தடையில் இழக்கப்படும் மின்னழுத்தம் 0.4 வோல்ட்டைத் தாண்டாது. விளக்கு மங்குவது கண்ணுக்கே தெரியாது. செல்ஃப் மோட்டாரோ 100 ஆம்பியருக்கு மேல் கேட்கும். 100 ஆம்பியர் பாய்ந்தால் அதே இடத்தில் 5 வோல்ட் போய்விடும். மீதமுள்ள 7 வோல்ட்டில் மோட்டார் எப்படிச் சுற்றும்? போன 5 வோல்ட் சும்மாவும் போவதில்லை; 5 வோல்ட் பெருக்கல் 100 ஆம்பியர், அதாவது 500 வாட் வெப்பமாக அந்தச் சின்ன முனையிலேயே வெளிப்படுகிறது. ஆகவே சில நொடிகள் சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இரு முனைகளின் மேலும் விரலை மெதுவாக வைத்துப் பாருங்கள். ஒரு முனை மட்டும் சுட்டால் குற்றவாளி அதுதான். வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி முடுக்கிவிட்டால் வேலை முடிந்தது. செல்ஃப் மோட்டாரைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் என்ஜின் பிடிக்கவில்லை என்றால் கதை வேறு. அப்போது தீப்பொறியைத்தான் முதலில் தேடவேண்டும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 20,000 வோல்ட் தீப்பொறி எப்படி வருகிறது என்பது, என் கருத்தில், காரிலேயே மிக அழகான இயற்பியல்.

மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதற்கு அடிப்படை. காயில் என்று நாம் சொல்லும் தூண்டு சுருளில் இரண்டு சுற்றுகள் உள்ளன. முதன்மைச் சுருளில் தடித்த கம்பி சில நூறு சுற்றுகள். துணைச் சுருளில் மெல்லிய கம்பி ஏறத்தாழ நூறு மடங்கு சுற்றுகள். முதன்மைச் சுருளின் மின்தடை 3 ஓம் என்றால், 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் பாயும். இந்த மின்னோட்டம் பாய்ந்துகொண்டே இருந்தால் தீப்பொறி வராது. அதைத் திடீரென்று வெட்டவேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ‘பாயிண்ட்’ என்ற சிறு தொடுமுனைகள் அந்த வேலையைச் செய்கின்றன. அவை பிரியும் கணத்தில் காந்தப்புலம் சரிகிறது. முதன்மைச் சுருளில் 200, 300 வோல்ட் எழும்புகிறது. துணைச் சுருளில் அதைப் போல நூறு மடங்கு.

ஆனால் ஒரு சிக்கல். தொடுமுனைகள் பிரியத் தொடங்கும்போது இடைவெளி மிகவும் சிறியது. மின்னோட்டம் அந்த இடைவெளியைத் தாவிக் கடந்து அங்கேயே பொறியாக எரிந்துவிடப் பார்க்கும். அப்படி நடந்தால் மின்னோட்டம் திடீரென்று நிற்காது. தளர்ந்து தளர்ந்து நிற்கும். தூண்டப்படும் மின்னழுத்தம் மாற்றத்தின் வேகத்தைப் பொறுத்தது என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? வேகம் போனால் மின்னழுத்தமும் போயிற்று. இதைத் தடுக்கத்தான் தொடுமுனைகளுக்கு இணையாக ஒரு சிறிய மின்தேக்கி இருக்கிறது. கடைகளில் கண்டன்சர் என்று கேட்டால் கொடுப்பார்கள். ஏறத்தாழ 0.2 மைக்ரோஃபாரட். முனைகள் பிரியும் கணத்தில் மின்னோட்டத்துக்கு ஒதுங்க ஓர் இடம் கொடுப்பது இதன் வேலை. சுண்டுவிரல் அளவுள்ள இந்த உருளையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் இது வரும்.

தொடுமுனைகளின் இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் இருக்கவேண்டும் என்பார்கள். ஏன் அந்த அளவு? என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது, நான்கு சிலிண்டர்களுக்குமாக நொடிக்கு 100 தீப்பொறிகள் தேவை. ஒரு தீப்பொறிக்கும் அடுத்ததற்கும் இடையே 10 மில்லி நொடிதான். அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 6.7 மில்லி நொடி, முனைகள் மூடியிருக்கும். சுருளின் தூண்டல் காரணமாக மின்னோட்டம் உடனே 4 ஆம்பியரை எட்டிவிடாது, மெல்ல ஏறும். தூண்டல் எண் 8 மில்லிஹென்றி என்று கொண்டால், 6.7 மில்லி நொடியில் அது முழு அளவில் பத்தில் ஒன்பது பங்கை எட்டும். இடைவெளி மிக அகன்றால் மூடியிருக்கும் நேரம் குறையும். நேரம் பாதியானால் மின்னோட்டம் 70 விழுக்காடு அளவுக்குத்தான் ஏறும். ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், தீப்பொறியின் ஆற்றல் முன்பிருந்ததில் ஏறத்தாழ 60 விழுக்காடாகிவிடும். ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது ஒரு குறையும் தெரியாது. நாமக்கல் சாலையில் வேகமெடுத்ததும் என்ஜின் ‘மிஸ்’ ஆகத் தொடங்கும். இடைவெளி மிகக் குறுகினாலோ முனைகளிடையே பொறி பறந்து, அவை கருகும். வேறு அளவுகோல் இல்லாதபோது பாயிண்ட்டுக்கு விசிட்டிங் கார்டையும், பிளக்கின் இடைவெளிக்கு இரும்பறுக்கும் பிளேடையும் வைத்துப் பார்க்கும் மெக்கானிக்குகள் நம் ஊரில் உண்டு. ஆக்சா பிளேடின் தடிப்பு ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர், பிளக்குக்கு வேண்டியதும் அதுவே. படிப்பறிவு இல்லாதவர்கள் என்று அவர்களை எண்ணிவிட வேண்டாம்.

இனி மலைக்கு வருவோம். சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 278 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏற்காடு சுமார் 1,515 மீட்டர். இடையே 20 கொண்டை ஊசி வளைவுகள். பழைய காரின் பலவீனம் எதுவானாலும் அதை இந்தப் பாதை வெளியே கொண்டுவந்துவிடும்.

காரும் அதில் உள்ள ஐந்து பேருமாகச் சேர்த்து 1,450 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். 1,237 மீட்டர் உயர்த்த வேண்டிய வேலை சுமார் 17.6 மெகாஜூல். என்ஜினின் திறன் 25 விழுக்காடு என்றால் இதற்கு நான்கு மடங்கு, ஏறத்தாழ 70 மெகாஜூல் வெப்பத்தைப் பெட்ரோல் தரவேண்டும். அதில் 30 விழுக்காடு ரேடியேட்டர் வழியே போகும் என்று கொண்டால் 21 மெகாஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க 2.26 மெகாஜூல் போதும். ரேடியேட்டர் காற்றுக்கு வெப்பத்தைக் கொடுக்காமல் சும்மா இருந்தால், கொதிக்கும் தண்ணீர் ஒன்பது லிட்டரை ஆவியாக்க இந்த வெப்பம் போதும்! அதுவும், சமதரையில் வேகமாக ஓடும்போது முகப்பில் மோதும் காற்று, இரண்டாம் கியரில் ஊர்ந்து ஏறும்போது கிடைப்பதில்லை.

உயரம் இன்னொரு வகையிலும் கெடுதல் செய்கிறது. ஏற்காட்டில் வளிமண்டல அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவு. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் அங்கு 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்த மூடி உள்ள ரேடியேட்டரில், மூடி அரை வளிமண்டல அழுத்தத்தைக் கூடுதலாகத் தாங்கினால், கொதிநிலை 108 டிகிரி வரை உயரும். அந்த மூடியின் ரப்பர் வளையம் வெடித்துப் போயிருந்தால் இந்த 13 டிகிரியும் நஷ்டம். வளையத்தைப் பார்க்காமல் ரேடியேட்டரையே மாற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. திறந்த கணத்தில் அழுத்தம் இறங்கும். 105 டிகிரியில் அமைதியாக இருந்த தண்ணீர் அந்த நொடியே கொதித்து நீராவியோடு முகத்தில் பாயும். மேல் குழாயைக் கையால் தொட முடியும் அளவுக்கு ஆறும்வரை காத்திருக்கவேண்டும்.

மலைப்பாதையில் நிற்கும் காருக்கு எல்லாரும் சொல்லும் காரணம் ‘வேப்பர் லாக்’, அதாவது ஆவி அடைப்பு. இது கற்பனையன்று. பெட்ரோல் ஒரே திரவம் அல்ல. ஏறத்தாழ 35 டிகிரியில் தொடங்கி 200 டிகிரி வரை வெவ்வேறு வெப்பநிலைகளில் கொதிக்கும் பல திரவங்களின் கலவை. பழைய கார்களில் என்ஜினோடு ஒட்டியிருக்கும் பம்ப், பின்னாலுள்ள டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு. என்ஜின் அருகே வெப்பம் மிகுதி. இரண்டும் சேர்ந்தால் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிறது. பம்ப் திரவத்தைத் தள்ளுவதற்கு ஏற்றது. ஆவியை அது அழுத்தி அழுத்தி விடுமே தவிர நகர்த்தாது. கார்புரேட்டர் வற்றும், என்ஜின் நிற்கும். பம்ப்பின் மேல் ஈரத்துணி போடும் வழக்கம் இதனால்தான் வந்தது. நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது, மண்பானையில் நடப்பதேதான்.

ஆனால் மலையில் நின்ற கார் எல்லாம் ஆவி அடைப்பால் நின்றதா? எனக்குத் தெரிந்த ஒரு வீட்டின் கதையைச் சொல்கிறேன். தகப்பனார் வாங்கிய அம்பாசிடர். ஏற்காடு போகும்போதெல்லாம் ஏறத்தாழ ஒரே வளைவில் நின்றுவிடும். அரை மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். கார்புரேட்டரைக் கழுவினார்கள். பம்ப்பை மாற்றினார்கள். பெட்ரோல் குழாய்க்குக் கயிறு சுற்றினார்கள். அந்த வளைவில் ஏதோ இருக்கிறது என்று ஒருவர் சொல்ல, முகப்பில் எலுமிச்சம்பழமும் தொங்கியது. பழைய இரும்பு வியாபாரி வந்து விலை பேசிவிட்டுப் போனார். அந்தக் காரில் பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கு அது இரும்பு அல்ல. வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இங்கே சிந்திக்க வேண்டியது என்ன? சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது. இந்த அடையாளம் ஆவி அடைப்புக்குப் பொருந்தும். ஆனால் அதற்கு மட்டும்தான் பொருந்துமா? சூட்டில் கெட்டு, ஆறியபின் சரியாகும் பொருள் வேறு எதுவும் காரில் இல்லையா? காயில் இருக்கிறது. கண்டன்சர் இருக்கிறது. கண்டன்சருக்குள் உலோகத் தகடுகளுக்கிடையே உள்ள காப்புப் பொருள் பழுதாகியிருந்தால், சூட்டில் அது மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். அப்போது தொடுமுனைகள் பிரிந்தாலும் மின்னோட்டம் கண்டன்சர் வழியே போய்க்கொண்டே இருக்கும். வெட்டு இல்லை, ஆகவே தீப்பொறியும் இல்லை. ஒரே வளைவு என்பதிலும் மர்மம் ஏதுமில்லை. அடிவாரத்திலிருந்து ஒரே வேகத்தில் ஏறினால், என்ஜின் குறிப்பிட்ட சூட்டை அடைய ஆகும் நேரம் ஏறத்தாழ ஒன்றே.

இரண்டு காரணங்களையும் பிரித்தறிய ஒரே வழி, கார் நின்ற உடனே, சூடு ஆறுவதற்கு முன் சோதிப்பதுதான். ஆறவிட்டால் சாட்சியம் அழிந்துவிடும். எல்லாரும் பானெட்டைத் திறந்துவைத்து, டீ குடித்துவிட்டு வந்து பார்த்ததால்தான் இத்தனை நாள் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த முறை கையில் ஓர் உபரி பிளக்கை எடுத்துச் சென்றார்கள். கார் நின்றதும் ஒரு சிலிண்டரின் ஒயரைக் கழற்றி, அதில் உபரி பிளக்கைச் செருகி, காப்பிட்ட இடுக்கியால் பிடித்து, என்ஜின் உடலைத் தொடுமாறு வைத்து, செல்ஃபைச் சுற்றினார்கள். தீப்பொறி இல்லை! பெட்ரோல் மேல் இத்தனை நாள் சுமத்திய பழி பொய்யாயிற்று.

மறுநாள் கண்டன்சரைக் கழற்றி மல்ட்டிமீட்டரில் வைத்தபோது, மின்தடை அளக்க முடியாத அளவுக்கு அதிகம்; அதாவது நல்ல கண்டன்சர். அதைப் பிளாஸ்டிக் பையில் நீர் புகாமல் சுற்றிக் கொதிநீரில் அமிழ்த்தியபோது, சில நிமிடங்களில் முள் சரிந்து சில ஓம்களில் வந்து நின்றது. ஒரு வேளைச் சாப்பாட்டின் விலைகூட இல்லாத ஒரு பொருள், ஒரு காரை இரும்புக் கடைக்கு அனுப்பப் பார்த்தது.

இந்தச் சோதனையில் வரிசை முக்கியம். முதலில் தீப்பொறி, அதன்பிறகுதான் பெட்ரோல் குழாயைத் திறப்பது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமானது. அது மேலே போய்விடாமல் தாழ்வான இடங்களில் தேங்கி நிற்கும். பெட்ரோல் சிந்திய இடத்தில் தீப்பொறி சோதிப்பது தற்கொலைக்கு ஒப்பு. பெரியவர் ஒருவர் உடனில்லாமல் மாணவர்கள் இதில் இறங்கவே வேண்டாம். வெறும் காற்றில் பொறி பறந்துவிட்டால் எல்லாம் சரி என்றும் நினைக்கக்கூடாது. சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்பட்டு அடர்த்தியாக இருக்கும்; அடர்ந்த வாயுவில் பொறி தாவ அதிக மின்னழுத்தம் தேவை. நீல நிறத்தில் ‘சட்’ என்று வெடிக்கும் பொறியே நம்பத்தக்கது. மஞ்சளாக, மெலிந்து வந்தால் காயிலையும் கண்டன்சரையும் சந்தேகிக்கலாம்.

என்ஜின் ஓடுகிறது, ஆனால் குலுங்குகிறது என்றால், நான்கில் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பொருள். எது? பிளக் ஒயர்களைக் காப்பிட்ட இடுக்கியால் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். நல்ல சிலிண்டரின் ஒயரைக் கழற்றினால் குலுக்கல் அதிகமாகும். எதைக் கழற்றினாலும் வேறுபாடே இல்லையோ அதுதான் தூங்கும் சிலிண்டர். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து தூங்கினால், இடையே ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா என்று பார்க்கவேண்டும். அழுத்தமானி வைத்துப் பார்க்கும்போது ஒரு சிலிண்டரில் மட்டும் அழுத்தம் குறைவு என்று வைத்துக்கொள்வோம். பிளக் துளை வழியே ஒரு கரண்டி என்ஜின் ஆயில் விட்டு மீண்டும் அளக்கவும். அழுத்தம் ஏறினால், பிஸ்டன் வளையத்தின் இடைவெளியை ஆயில் அடைத்திருக்கிறது, தேய்ந்தது வளையம். ஏறாவிட்டால் கசிவு மேலே, வால்வில். என்ஜினைப் பிரிக்காமலேயே உள்ளே நடப்பதை ஒரு கரண்டி ஆயில் சொல்லிவிடுகிறது.

பிளக்கின் நிறமும் பேசும். பிஸ்கெட் பழுப்பு நல்ல அடையாளம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம்; ஏர் கிளீனர் அடைத்திருக்கலாம், சோக் திரும்பாமல் இருக்கலாம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் வளையம். வெளியே நீலப் புகையும் வரும்.

முற்றத்தில் மாதக்கணக்கில் நிற்கும் காருக்கு இப்போது புதிதாக ஒரு கவலை சேர்ந்திருக்கிறது. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது; வால்வு இருக்கைகளுக்கு அந்த ஈயம் கொடுத்துவந்த பாதுகாப்பும் அதோடு போயிற்று. 2025-இல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனாலின் நிறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன். அதனால் ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும் என்றால், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். பழைய கார்புரேட்டருக்கு இது தெரியாது. பழைய பெட்ரோலுக்கு வகுத்த விகிதத்திலேயே காற்றைச் சேர்க்கும். கலவையில் காற்று மிகுந்து பிளக் வெளுக்கும். ஜெட்டைச் சற்றுப் பெரிதாக்குவது இதற்கு மருந்து. பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்ப்பின் டயாபிரத்தையும் எத்தனால் ஊறவைத்து இளக்கும். தாங்கக்கூடிய புதிய ரப்பராக மாற்றிவிடுவது நல்லது. எத்தனால் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். நீர் ஒரு அளவுக்கு மேல் சேர்ந்தால், நீரும் எத்தனாலுமாகப் பிரிந்து டேங்கின் அடியில் படியும். என்ஜின் முதலில் உறிஞ்சுவது அந்த அடியைத்தான். பல மாதம் நின்ற காரைக் கிளப்பும் முன் டேங்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். இரண்டு அடுக்காகத் தெரிந்தால் முழுவதையும் வடித்துவிட வேண்டியதுதான். கிளப்பும்போது ஷெட்டின் கதவு திறந்திருக்கட்டும். காரைத் தள்ளி வெளியே கொண்டுவந்துவிட்டால் இன்னும் நல்லது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.